பூட்டில்லா வீடும் பொய்த் தீவும்: மர்மப் புதினத்தில் தீவு வாழ்வு



இன்றைய பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் தமிழ் மேடைகளில் அடிக்கடி பேசப்படாத ஒன்று. மர்மப் புதினம் எழுதும் ஓர் ஆசிரியர் தீவு வாழ்க்கையிலிருந்து எதைப் பெறுகிறார் என்பதே அது. அதனோடு சேர்த்து, தீவு வாழ்க்கையைப் போலியாகச் சமைத்துக் காட்டும் ஒரு வகை மதுவகத்தைப் பற்றியும் பேச இருக்கிறோம். அமெரிக்காவில் அதனை 'டீக்கி மதுவகம்' என்பர். மதுவைப் போற்றுவது நம் நோக்கமன்று. மெய்யான ஓர் இடம் எவ்வாறு கதைக்குள் வருகிறது, பொய்யான ஓர் இடம் கதையாசிரியருக்கு எதைக் கற்பிக்கிறது என்பவற்றை அறிய இவ்விரண்டும் நல்ல சான்றுகளாக உள்ளன. கதை எழுதப் பழகும் மாணவர்க்கும் அதனைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இது பயன்படும் என்று நம்புகிறோம்.

இடத்தைப் பற்றிச் சிந்திக்க நம்மிடம் ஒரு பழைய கருவி உண்டு. தொல்காப்பியம் வகுத்துத் தந்த முதல், கரு, உரி என்னும் மூன்று பொருள்களே அக்கருவி. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்நிலத்தில் தோன்றி அந்நிலத்தோடு ஒட்டி வாழ்பவை: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன. உரிப்பொருள் என்பது அந்நிலத்து மாந்தரின் உள்ளத்தில் நிகழ்வது. இவ்வகுப்பு காதற்பாடல்களுக்காக அமைந்தது என்பது மெய்யே. ஆயினும் எக்கதையையும் நிறுத்துப் பார்க்க உதவும் துலாக்கோலாகவும் அதனைக் கொள்ளலாம். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று கற்றிருக்கிறோம். இன்று அந்நெய்தலைச் சற்றுத் தொலைவில், ஹவாய், டெவன், புளோரிடா ஆகிய கரைகளில் தேடுவோம்.

நிலமும் பொழுதும்

மர்மக் கதைக்கு மூன்று கேள்விகள் உண்டு. குற்றம் செய்தவர் யார்? எவ்வாறு செய்தார்? எதற்காகச் செய்தார்? முதற்கேள்விக்கு விடை காண வேண்டுமானால் ஐயத்திற்கு உரியவர்களின் எண்ணிக்கை ஓர் எல்லைக்குள் அடங்கியாக வேண்டும். பெருநகரத்தில் நிகழும் கொலையை யாரும் செய்திருக்கலாம். தீவிலோ அவ்வாறில்லை. வந்தவர் எவர், சென்றவர் எவர் என்பது படகுத்துறையில் இருப்பவருக்குத் தெரியும். கடலே சுற்றுச்சுவராக நிற்கிறது.

இதனை நன்கு உணர்ந்தவர் அகதா கிறிஸ்டி. இங்கிலாந்தின் டெவன் கரையோரத்தில் பர்க் தீவு என்னும் சிறு தீவு உள்ளது. கடல் வற்றும் வேளையில் மணல்வெளியில் நடந்தே அங்குச் செல்லலாம். கடல் ஏறும் வேளையில் அவ்வழி மூழ்கிவிடும். அப்போது, உயரமான சக்கரங்களின்மேல் மேடை அமைந்த ஒரு வண்டி நீருக்குள் ஊர்ந்து சென்று மக்களைக் கொண்டுசேர்க்கும். அத்தீவிலுள்ள விடுதியில் கிறிஸ்டி தங்கியிருக்கிறார். 1939இல் வெளிவந்த 'பிறகு எவரும் இல்லை' என்னும் பொருளுடைய அவருடைய புதினத்தில் பத்துப் பேர் ஒரு தீவுக்கு வரவழைக்கப்படுகின்றனர். படகு வரவில்லை. ஒருவர்பின் ஒருவராக இறக்கின்றனர். 1941இல் வந்த மற்றொரு புதினத்திலும் தீவு விடுதியே களம். அங்கு யார் எந்த வேளையில் எந்தக் கடற்கரையில் இருந்தார் என்பதே புதிர்.

இவ்விரு புதினங்களுக்கும் உந்துதலாக அமைந்தது ஒரே தீவுதான். ஆனால் ஒன்றில் தீவு சிறையாகிறது; மற்றொன்றில் அது கோடைக்கால உல்லாச இடமாகிறது. ஒரே நிலம் இருவேறு கதைகளைத் தருவதற்குக் காரணம் பொழுது. புயற்காலத்துத் தீவும் வெயிற்காலத்துத் தீவும் ஒன்றல்ல. நிலத்தையும் பொழுதையும் பிரிக்காமல் ஒருங்கே 'முதல்' என்று வைத்த நம் முன்னோரின் நுட்பம் இங்கு விளங்குகிறது.

வைக்கீக்கிக் கரையில் ஒரு வீடு

இனி, நம் பொருளின் நடுவிடத்துக்கு வருவோம். ஏர்ள் டெர் பிக்கர்ஸ் என்பவர் 1884இல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். இதழாளராகவும் நாடக ஆசிரியராகவும் பணியாற்றினார். 1920இல் ஓய்வை நாடி ஹவாயின் தலைநகராகிய ஹொனலுலுவுக்குச் சென்றார். வைக்கீக்கிக் கடற்கரையில் தங்கினார். அந்த ஓய்வின் பயனாகச் சில ஆண்டுகள் கழித்து 1925இல் வெளிவந்ததே 'சாவியில்லாத வீடு' என்னும் புதினம்.

கதை இதுதான். பாஸ்டன் நகரத்து மதிப்புமிக்க குடும்பத்தைச் சேர்ந்த மினர்வா என்னும் அம்மையார் சில நாள் தங்கிச் செல்லலாம் என்று ஹொனலுலுவுக்கு வருகிறார். நாள்கள் மாதங்களாகின்றன, திரும்ப மனம் வரவில்லை. அவரை அழைத்துவரும் பொறுப்பு அவருடைய மருமகன் முறையான இளைஞனிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவனும் கப்பலேறுகிறான். அவன் வந்து சேர்வதற்குள் கடற்கரை வீட்டின் உரிமையாளராகிய டான் விண்டர்ஸ்லிப் கொலை செய்யப்படுகிறார். வீட்டில் பூட்டு என்பதே இல்லை; பூட்டும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. எனவே எவரும் உள்ளே வந்திருக்கலாம். இருளில் அம்மையார் கண்டது ஒன்றே ஒன்று: ஒளிரும் எண்கள் கொண்ட ஒரு கைக்கடிகாரம். அதில் 2 என்னும் எண் மட்டும் மங்கியிருந்தது.

பிக்கர்ஸ் செய்ததைக் கூர்ந்து நோக்குவோம். தீவு மக்கள் கதவைப் பூட்டுவதில்லை என்பது விருந்தினராக வந்த எவரும் கண்டு வியந்து, ஊருக்குத் திரும்பியதும் பேசி மகிழும் செய்தி. அதனை அவர் வியப்போடு விட்டுவிடவில்லை. பூட்டில்லாத வீட்டில் குற்றம் நடந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். இனிய பழக்கம் ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும் அந்தக் கேள்வியிலிருந்தே புதினம் பிறந்தது.

கொலை செய்தவர் யார் என்பதை, நூலைப் படிக்கப்போகும் மாணவர்க்காக இங்குச் சொல்லாமல் விடுகிறோம். ஆனால் ஒன்று சொல்லலாம். அந்நாளில் மாலை கடந்து வரும் கப்பல் உடனே துறைமுகத்துள் நுழைவதில்லை. விடியும்வரை வெளிக்கடலில் நங்கூரமிட்டுக் காத்திருக்கும். கப்பலிலிருந்து பார்த்தால் கரை விளக்குகள் தெரியும். அந்தக் காத்திருப்பையும் அந்தக் கடலையும் அறியாமல் அப்புதிரை விடுவிக்க இயலாது. கதையை வேறு நகருக்கு மாற்றினால் புதிரே கலைந்துவிடும். இடம் கதைக்கு உயிராக இருக்கிறதா, வெறும் அலங்காரமாக இருக்கிறதா என்பதை அறிய இதைவிட எளிய சோதனை இல்லை.

சாங் அப்பானாவும் சார்லி சானும்

இப்புதினத்தில்தான் சார்லி சான் என்னும் சீனத் துப்பறிவாளர் முதன்முதலாகத் தோன்றுகிறார். கதை கால்பங்கு நகர்ந்த பிறகே அவர் வருகிறார். முதன்மைப் பாத்திரமும் அல்லர். ஆயினும் வாசகர் அவரையே விரும்பினர். பிக்கர்ஸ் 1932 வரை அவரை வைத்து மொத்தம் ஆறு புதினங்களை எழுதினார். அவற்றைத் தழுவிய திரைப்படங்களோ பல.

சார்லி சானுக்குப் பின்னால் ஓர் உண்மை மனிதர் நிற்கிறார். அவர் சாங் அப்பானா. ஹவாயில் 1871ஆம் ஆண்டளவில் சீனக் குடும்பத்தில் பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் சீனாவுக்குச் சென்று, சிறுவனாகவே மீண்டு வந்தார். மாடு மேய்க்கும் குதிரைவீரராகப் பணியாற்றிய பின் 1898இல் ஹொனலுலு காவல்துறையில் சேர்ந்தார். மெலிந்த, குள்ளமான உடல். துப்பாக்கிக்கு மாறாக மாட்டுச் சாட்டையைக் கையில் வைத்திருந்தார். தனியொருவராகச் சூதாட்டக் களத்துள் புகுந்து எழுபது பேரைப் பிடித்தார் என்று அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஹொனலுலு நாளிதழ் ஒன்றில் அவர் பெயரைக் கண்டதாகப் பிக்கர்ஸ் பின்னர் கூறினார். 1928இல் இருவரும் நேரில் சந்தித்தனர்.

புதினத்துச் சார்லி சான் பருத்த உடலர், மெல்லிய நடையர், பழமொழி போன்ற வாக்கியங்களைச் சிதைந்த ஆங்கிலத்தில் பேசுபவர். சாட்டையும் குதிரையும் அவரிடம் இல்லை. திரைப்படங்களில் அவராக நடித்து உலகப் புகழ் பெற்ற வார்னர் ஓலண்ட் சுவீடனில் பிறந்தவர். ஒரு சீன ஹவாய் மனிதரின் வாழ்க்கை, வந்து சென்ற எழுத்தாளர் ஒருவரின் கையிலும் பிறகு திரையுலகின் கையிலும் எவ்வளவு மாறிற்று என்பது கருதத்தக்கது. அக்காலத்து ஆங்கிலக் கதைகளில் சீனர் என்றாலே வில்லன் என்றிருந்த நிலையில், நேர்மையும் அறிவும் உடைய சீனர் ஒருவரைப் பிக்கர்ஸ் படைத்தார் என்று சிலர் பாராட்டுகின்றனர். பணிவும் விந்தைப் பேச்சுமாக ஒரு புதிய பொம்மையையே அவர் செய்தார் என்று வேறு சிலர் கண்டிக்கின்றனர். இரண்டிலும் உண்மை உண்டு. தீவின் கடலையும் கப்பலையும் பூட்டில்லாக் கதவையும் கூர்ந்து கண்ட கண், தீவின் மனிதரைக் காணும்போது பாதியிலேயே நின்றுவிட்டது என்று நாம் கருதுகிறோம்.

இன்று வைக்கீக்கிக் கரையில் உள்ள ஹாலேகுலானி விடுதியில், கடலை நோக்கிய திறந்தவெளி உணவகமும் மதுவகமும் இணைந்த ஓரிடம் உண்டு. அதன் பெயர் 'சாவியில்லாத வீடு'. மாலை வேளையில் அங்கு ஹவாய் இசையும் ஹூலா நடனமும் நடைபெறும். தீவு ஒரு புதினத்தைத் தந்தது. புதினம் தன் பெயரை மதுவகத்துக்குத் தந்தது. கொலை நடந்த வீட்டின் பெயரைத் தாங்கிய இடத்தில் மக்கள் கதிரவன் மறைவதைக் கண்டு மகிழ்கின்றனர்.

நிலமில்லாக் கருப்பொருள்

ஹவாயிலாவது கடல் உண்டு. கடலே இல்லாமல் தீவைப் படைத்தவர்களும் உளர். அவர்களே டீக்கி மதுவகத்தின் தந்தையர்.

டீக்கி என்பது மாவோரி முதலிய பொலினீசிய மொழிகளில், மனித உருவில் செதுக்கப்பட்ட சிலையைக் குறிக்கும் சொல். ஹவாய் மொழியில் அதுவே 'கிஈ' என்றாகும். முன்னோரையும் தெய்வங்களையும் நினைவூட்டும் புனித வடிவங்கள் அவை. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 டிசம்பரில் முடிவுற்றது. அதையொட்டி எர்னஸ்ட் கேண்ட் என்னும் இளைஞர் ஹாலிவுட்டில் ஒரு சிறு மதுவகத்தைத் திறந்தார். மூங்கில், தென்னை ஓலை, மீன்வலை, கடலில் கண்டெடுத்த பொருள்கள் ஆகியவற்றால் அதனை அலங்கரித்தார். 'கடற்கரையில் திரியும் டான்' என்று பொருள்படும் பெயரைக் கடைக்கு வைத்தார். பின்னர்த் தம் பெயரையே டான் பீச் என்று மாற்றிக்கொண்டார். வாடிக்கையாளர் எழுந்து போகாமலிருக்க, கூரைமேல் குழாய் வழியே நீர் தெளித்துச் செயற்கை மழை பெய்வித்தார் என்பர்.

1934இல் கலிபோர்னியாவின் ஓக்லாண்டு நகரில் கடை திறந்த விக்டர் பெர்ஜரான் இம்முறையைப் பின்பற்றிப் பெரும் வணிகமாக்கினார். 'வணிகர் விக்' என்னும் பொருள்படும் பெயரால் அவர் அறியப்பட்டார். சிறுவயதில் காசநோயால் ஒரு காலை இழந்தவர் அவர். தம் காலைச் சுறாமீன் கடித்துக்கொண்டு போயிற்று என்று வாடிக்கையாளர்களிடம் கதை கட்டுவாராம். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் பணியாற்றிய வீரர்கள் திரும்பினர். 1947இல் தோர் ஹெயர்டால் 'கோன்-டீக்கி' என்னும் கட்டுமரத்தில் பெருங்கடலைக் கடந்தார். 1959இல் ஹவாய் அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலமாயிற்று. இவற்றால் இம்மோகம் நாடெங்கும் பரவிற்று.

மர்மக் கதை எழுதுபவர் இத்தகைய இடத்துக்குள் நுழைந்தால் எதைக் காண்பார்? முதலாவதாக, பொருந்தாத தடயங்களைக் காண்பார். சுவரில் நிற்கும் சிலை பொலினீசியாவினது. கோப்பையில் உள்ள ரம் கரீபியன் தீவுகளினது. தட்டில் உள்ள உணவு பெரும்பாலும் கன்டோனீசுச் சமையலைத் தழுவியது. பசிபிக் தீவினரின் மரபுப் பானம் ஒருவகைச் செடியின் வேரிலிருந்து எடுக்கும் காவா. அது அங்கே இல்லை. நம் இலக்கணத்தின்படி சொல்வதானால், தெய்வம் உண்டு, உணவு உண்டு, மரம் உண்டு, பறையும் உண்டு. அவை பிறந்த நிலம் மட்டும் இல்லை. கருப்பொருளை நிலத்திலிருந்து பிடுங்கி வந்து நட்டு வைத்த இடம் அது.

இரண்டாவதாக, அங்கு மறைபொருள் ஒன்று இருப்பதைக் காண்பார். டான் பீச் தம் பானங்களின் செய்முறையை எவரும் திருடிவிடாதபடி காத்தார். புட்டிகளில் பெயருக்கு மாறாக எண்களும் குறிச்சொற்களும் எழுதப்பட்டன. கலக்கிக் கொடுக்கும் பணியாளருக்கே உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. போட்டியாளர் பணியாளரை விலைகொடுத்து இழுத்தாலும் இரகசியம் வெளிவரவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து ஜெஃப் பெர்ரி என்னும் ஆய்வாளர், 1937ஆம் ஆண்டைச் சேர்ந்த பணியாளர் ஒருவரின் குறிப்பேட்டைத் தேடிப் பெற்றார். அதிலும் குறிச்சொற்களே இருந்தன. பழைய பணியாளர்களைத் தேடிச் சென்று கேட்டு, ஒவ்வொன்றாக விடுவித்து, 2007இல் நூலாக வெளியிட்டார். எண்ணால் மட்டும் குறிக்கப்பட்டிருந்த ஒரு சரக்கு, இறுதியில் நம் சமையலறையில் உள்ள இலவங்கப்பட்டையின் பாகாக இருந்தது. துப்பறியும் கதையின் அத்தனை உறுப்புகளும் இவ்வரலாற்றில் உள்ளன: மறைத்தவர், சாட்சிகள், குறியீட்டு ஏடு, பொறுமையுடன் தேடியவர், எளிய விடை.

மூன்றாவதாக, முகமூடி அணிந்த மனிதர்களைக் காண்பார். பூப்போட்ட சட்டையை அணிந்து அங்கே அமர்பவர் சில மணி நேரம் வேறொருவராக இருக்க விரும்புகிறார். பெயர் தெரியாதவரிடம் தம் கதையைக் கூறுகிறார். சுறா கடித்த கால் போன்ற கதைகளை எவரும் சரிபார்ப்பதில்லை. பொய் சொல்ல இசைவு தரப்பட்ட இடத்தில், எது மெய் என்று கேட்பவர் துப்பறிவாளர் ஆகிறார். பொய்த் தீவு மர்மப் புதின ஆசிரியருக்குத் தரும் கொடை இதுவே. அழகாக அமைக்கப்பட்ட எதையும் கண்டவுடன் 'இதன் பின்னால் என்ன இருக்கிறது?' என்று கேட்கும் பழக்கம் அவருக்கு அங்கே உண்டாகிறது.

உரிப்பொருள்: மறைக்கப்பட்டது எது?

அக்கேள்வியைத் தீவின்மீதே திருப்பினால் என்ன கிடைக்கும்? மாலைகள் சூட்டி வரவேற்கும் ஹவாயில், 1893இல் அரசி லிலியுவோகலானி ஆட்சியிலிருந்து வீழ்த்தப்பட்டார். வீழ்த்தியவர்களுள் கரும்புத் தோட்டங்களோடும் வணிகத்தோடும் தொடர்புடையோர் இருந்தனர். 1898இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. தோட்டங்களுக்குச் சீனர், சப்பானியர், போர்த்துகீசியர், பிலிப்பினோக்கள் எனத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். அஞ்சலட்டையில் தென்னையும் நிலவும் இருக்கும், இவை இருப்பதில்லை.

'சாவியில்லாத வீடு' இவ்விடத்தில் நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. கொலையுண்ட டான் விண்டர்ஸ்லிப்பின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று அக்கதை கேட்கிறது. தடம் பின்னோக்கிச் சென்று, இளமையில் அவர் பணியாற்றிய ஓர் ஆள்பிடி கப்பலைத் தொடுகிறது. ஆசை காட்டியும் ஏமாற்றியும் கடத்தியும் பசிபிக் தீவு மக்களைத் தோட்ட வேலைக்குக் கொண்டுசென்ற கப்பல்கள் அந்நாளில் இருந்தன. 1863 முதல் 1904 வரை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்கு மட்டும் ஏறத்தாழ 60,000 தீவினர் இவ்வாறும் ஒப்பந்தத்தின் பேரிலும் கொண்டுசெல்லப்பட்டனர். பூட்டில்லாத வீட்டின் அமைதிக்கு அடியில் இந்த வரலாறு புதைந்திருக்கிறது.

இதனைக் கேட்கும்போது இவ்வரங்கில் உள்ள நமக்கு வேறொரு நினைவும் எழுதல் இயல்பே. அதே பசிபிக் கடலில் உள்ள பீஜித் தீவுகளுக்கு 1879 முதல் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. அங்குக் கரும்புத் தோட்டங்களில் துயருற்ற பெண்களுக்காகப் பாரதியார் பாடினார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நம்மிடையே பலர். தீவு என்றால் ஓய்வு என்பது விருந்தினரின் அகராதி. தீவு என்றால் உழைப்பு என்பது அங்கு இறக்கிவிடப்பட்டவரின் அகராதி. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று வைத்ததை இங்கு எண்ணிப்பார்க்கலாம். கடற்கரையில் நின்று, சென்றவரை எண்ணி வருந்துவோர் எக்காலத்தும் உளர். நல்ல மர்மப் புதினம் குற்றவாளியின் பெயரை மட்டும் சொல்லி முடிவதில்லை. அவ்விரங்கல் யாருடையது என்பதையும் சொல்கிறது.

வந்தவர் கண்ணும் வாழ்பவர் கண்ணும்

பிக்கர்ஸ் வந்து சென்றவர். வாழ்ந்து எழுதியவர் ஒருவரையும் காண்போம். ஜான் டி. மெக்டொனால்டு 1916இல் பிறந்து 1986இல் மறைந்தவர். புளோரிடாவின் சரசோட்டா நகரையொட்டிய சியெஸ்டா கீ என்னும் கரையோரத் தீவில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் படைத்த டிராவிஸ் மெக்கீ என்னும் நாயகனுக்கு நிலத்தில் வீடு இல்லை. ஃபோர்ட் லாடர்டேல் நகரின் பஹியா மார் படகுத்துறையில், எஃப்-18 என்னும் இடத்தில் கட்டப்பட்ட படகே அவன் வீடு. 1964இல் தொடங்கிய அவ்வரிசையில் 21 புதினங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு நிறத்தின் பெயர் இருக்கும். அதே நகரில்தான் 1956இல் மை-கை என்னும் புகழ்பெற்ற டீக்கி உணவகமும் திறக்கப்பட்டது. மெய்யான நீரில் மிதக்கும் வீடும் பொய்யான தீவும் ஒரே ஊரில் அமைந்தன.

வாழ்பவரின் கண் வேறு வகையில் வேலை செய்கிறது. வந்தவர் கதிரவன் மறைவதைப் பார்க்கிறார். வாழ்பவர் அலையாத்தி மரங்கள் வெட்டப்படுவதையும், கால்வாய் தூர்க்கப்படுவதையும், மணல்மேல் அவசரமாக எழும் கட்டடங்களையும் பார்க்கிறார். மெக்டொனால்டின் கதைகளில் குற்றம் பெரும்பாலும் நிலவணிகத்தோடும் ஏமாற்றோடும் பின்னிக் கிடக்கிறது. 1977இல் அவர் எழுதிய 'அடுக்குமாடி வீடு' என்னும் பொருளுடைய புதினத்தில், கரையோரத் தீவில் தரமின்றிக் கட்டப்பட்ட குடியிருப்பை நோக்கிச் சூறாவளி வருகிறது. அங்கே குற்றம் சிமெண்டுக்குள் இருக்கிறது. பொழுது அதனை வெளிக்கொணர்கிறது. முதலும் கருவும் உரியும் ஒன்றாகச் சேர்ந்து செயற்படுகின்றன.

நம் தீவுகள்

இப்போது நாம் நிற்கும் மண்ணைப் பார்ப்போம். சிங்கப்பூர் ஒரு தீவு. அதனைச் சூழ அறுபதுக்கு மேற்பட்ட சிறு தீவுகள். பினாங்கும் லங்காவியும் தீவுகள். தெற்கே புலாவ் செனாங் என்றொரு தீவு உண்டு. செனாங் என்னும் மலாய்ச் சொல்லுக்கு இன்பம், எளிமை என்று பொருள். 1960இல் குண்டர் கும்பல்களைச் சேர்ந்த கைதிகளை அங்குக் கொண்டுசென்று, உழைப்பால் திருத்தும் குடியேற்றம் ஒன்றைத் தொடங்கினர். சுவரும் துப்பாக்கியும் இல்லாத சிறை என்று அது பேசப்பட்டது. கைதிகளே சாலைகளையும் கட்டடங்களையும் அமைத்தனர். 1963 ஜூலை 12 அன்று அவர்கள் கிளர்ந்தெழுந்து, தாம் கட்டியவற்றுக்கே தீ வைத்தனர். கண்காணிப்பாளர் டேனியல் டட்டனும் காவலர் சிலரும் கொல்லப்பட்டனர். 1965இல் 18 பேர் தூக்கிலிடப்பட்டனர். 'சாவியில்லாத வீடு' என்னும் தலைப்பு இத்தீவுக்கு எவ்வளவு கொடுமையாகப் பொருந்துகிறது!

ஆங்கிலத்தில் எழுதும் நம் நாட்டவர் சிலர் இவ்வழியில் முன்னே சென்றுவிட்டனர். சிங்கப்பூரில் வாழும் ஷமினி ஃபிளின்ட், சீக்கியக் காவல் ஆய்வாளரான இன்ஸ்பெக்டர் சிங்கை நாயகனாக்கி எழுதினார். அவ்வரிசையின் முதற்கொலை மலேசியாவில் நிகழ்கிறது. ஒவிடியா யூ, உணவகம் நடத்தும் ஓர் அம்மையாரைத் துப்பறிய வைத்தார். 1930களின் சிங்கப்பூரையும் தம் புதினங்களில் கொண்டுவந்தார். மதுவகத்தில் அமர்ந்து பிறர் கதையைக் கேட்பது அமெரிக்க எழுத்தாளர் வழக்கம் என்றால், அதே வேலையை நம் காப்பிக்கடை செய்யும். அங்கே யாரும் முகமூடி அணிவதில்லை என்று எண்ண வேண்டா. நாள்தோறும் ஒரே மேசையில் அமரும் முதியவர் நாளிதழைப் புரட்டுகிறார். அவர் அதனைப் படிக்கிறாரா, எவரேனும் வருவாரா என்று காத்திருக்கிறாரா என்று கேட்டால் கதை தொடங்கிவிடும்.

ஆசிரியர்கள் வகுப்பறையில் செய்து பார்க்கத்தக்க பயிற்சி ஒன்றைக் கூறுகிறோம். மாணவர் தமக்குத் தெரிந்த ஒரு சிறிய இடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும்: அடுக்குமாடியின் கீழ்த்தளம், படகுத்துறை, தோட்டத்துக் கோயில், எதுவாயினும் ஆகலாம். முதலில், அங்கு வருவதற்கும் போவதற்கும் உள்ள வழிகளையும் நேரங்களையும் எழுதட்டும். அடுத்து, அவ்விடத்தில் மட்டுமே உள்ள உணவு, ஒலி, தொழில், வழிபாடு ஆகியவற்றை எழுதட்டும். மூன்றாவதாக, அவ்விடத்தில் எல்லாரும் பெருமையாகச் சொல்லும் ஒரு பழக்கத்தை எழுதி, அது தவறிப்போனால் என்ன ஆகும் என்று கேட்கட்டும். இறுதியாக, அவ்விடத்தைப் பற்றிய பேச்சில் எவருடைய பெயர் ஒருபோதும் வருவதில்லை என்று தேடட்டும். முதல் மூன்றும் புதிரைத் தரும். நான்காவது, அப்புதிரை எழுதுவதற்கான காரணத்தைத் தரும்.

தமிழில் துப்பறியும் கதைக்கு நூறாண்டைத் தாண்டிய மரபு உண்டு. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் தழுவல்களால் வாசகரைப் பெருக்கினர். தமிழ்வாணனின் சங்கர்லால் கடல் கடந்தும் துப்பறிந்தார். நம் தீவுகளின் கதைகளோ இன்னும் பெரும்பகுதி தமிழில் எழுதப்படாமலே உள்ளன. அவற்றை எழுத வருபவர் சுற்றுலாக் கையேட்டின் தென்னைமரத்தையும் நிலவையும் எடுத்து ஒட்டினால், நம் மொழியில் இன்னுமொரு பொய்த் தீவே எழும். கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் அறிந்து, கரையில் இறக்கிவிடப்பட்டவரின் பெயரும் அறிந்து எழுதினால், அது நிலமுடைய கதையாகும். இளையோர் அதனை எழுதுவர் என்று நம்புகிறோம்.